போர்ச் இல்லாத வீடு

வீரம்மாவின் கையில் தன் மின்சாரக் காரின் பிளக்கைக் கொடுத்துவிட்டு முகுந்தன் கோயில் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். மனைவி ராஜினி இறந்து இன்னும் வருசம் திரும்பவில்லை. அதுவரை கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அவனுக்கு அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. சொன்னார்கள், நின்றான்.

"வயரைக் கொஞ்சம் தளர விடுங்க தம்பி," என்றாள் வீரம்மா. "போன வாரம் கால் தடுக்கி எண்ணெய் டின்னோட விழப் பார்த்தேன்."

"சாரிக்கா."

"சாமிக்கு ஒரு பல்பு. உங்க காடிக்கு ராத்திரி பூரா கரண்டு. அவரு பெரிய மனசுக்காரரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அது பெரிய கோயில் ஒன்றும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் குடியிருந்த அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் முடிகிற மூலையில், மழைமரத்தடியில், தகரக் கூரையின் கீழ் ஒரு முனீஸ்வரர். தனி மீட்டர் உண்டு. விளக்கு, விசிறி, விசேஷ நாளில் ஒலிபெருக்கி. பூக்கடையில் மாலை கட்டும் வீரம்மாதான் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வாள். மின்சாரக் காடியை வைத்துக்கொண்டு முகுந்தன் படும் பாட்டை ஒரு மாதம் வேடிக்கை பார்த்தவள், ஒருநாள் தானாகவே கூப்பிட்டு, "அந்த வயரை இங்க குடுங்க," என்றாள். அவன் கேட்கவில்லை. வேலியை ஒட்டிய நிறுத்துமிடத்தையும் அவள்தான் யாரிடமோ பேசி மாற்றிக் கொடுத்தாள். பதிலுக்கு அவன் விளக்குக்கு எண்ணெய் வாங்கி வேலிமேல் வைத்துவிட்டுப் போவான்.

அதற்கு முன்பு கீழ்த்தளத்தில் தூணோரம் இருந்த பிளக்கில் போட்டுப் பார்த்தான். மறுநாளே நிர்வாகக் குழுத் தலைவர் கமலநாதன் கதவைத் தட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்டர் முகுந்தன். கீழ தீப்பிடிச்சா மேல அத்தனை குடும்பம். யாரு பதில் சொல்றது? நாளைக்கு இன்னும் நாலு பேரு இதே காடி வாங்குவான். நம்ம வயரிங் எம்ஜிஆர் காலத்து வயரிங்."

"சரி அங்கிள்."

கமலநாதன் அரைமணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். ஒரு 'சரி'யில் முடிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் மின்சாரக் காடிக்கு எதிரி இல்ல," என்று சொல்லிப் பார்த்தார். "சரி அங்கிள்," என்றான் முகுந்தன் மறுபடியும்.

இந்த ஒரு வருசமாக யார் எதைச் சொன்னாலும் அவன் சரி என்றுதான் சொல்லி வந்தான். ராஜினிக்கு டெங்கி. காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். காரியம் முடிந்த கையோடு கார் கடைக்காரன் கூப்பிட்டான். மேடம் பதிவு செய்த காடி வந்துவிட்டது, என்ன செய்யட்டும்? கொண்டு வாருங்கள் என்றான். வேலையிடத்து நண்பன் ஒருவன், பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீடு சும்மாதான் கிடக்கிறது, வேலைக்கு நடந்தே போகலாம், வந்துவிடு என்றான். வந்துவிட்டான். பிள்ளை என்னோடு இருக்கட்டும், நீங்கள் தனியாக எப்படிச் சமாளிப்பீர்கள் என்றாள் ராஜினியின் அக்கா மீனலோசனி. அதற்கும் சரி.

கிள்ளானில், மீனலோசனி வீட்டுக்குப் பக்கத்தில், அவனும் ராஜினியும் வாடகைக்குக் குடியிருந்தது தரைவீடு. முன்னால் காடி நிறுத்தக் கூரை போட்ட போர்ச். ராஜினி ஆசிரியை, எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய மாட்டாள். ராத்திரி போர்ச்சில் சார்ஜ் போட்டால் காலையில் நிறைந்திருக்கும், அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவன் ரயில் நிலையத்துக்குப் போகலாம், சாயங்காலம் திரும்பலாம், பெட்ரோல் எண்ணெய் நிலையத்துப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். "எல்லாருக்கும் இது சரிப்படாது. நமக்குச் சரிப்படும்," என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்தாள். கணக்கில் பிசகில்லை. கணக்குப் போட்ட வாழ்க்கைதான் இல்லாமல் போயிற்று.

காடி வந்தபோது தீட்டு வருசம். கோயிலில் பூசை போடவில்லை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவில்லை. மீனலோசனி அதில் ஒருநாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகுந்தன் கிள்ளானுக்குப் போய் மகளைக் கூட்டி வருவான். ஞாயிறு கொண்டுபோய் விடுவான். சார்ஜ் போட இடம் தேடி அலைந்ததில் பல வெள்ளிக்கிழமை தாமதம். ஷாமினி செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டருகில் உட்கார்ந்திருப்பாள். மீனலோசனி ஒன்றும் சொல்ல மாட்டாள். சோறு போட்டு ஊட்டிவிட்டிருப்பாள், அவ்வளவுதான்.

இப்போது ஷாமினிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. பள்ளி திறந்தால் முதலாம் ஆண்டு. கிள்ளானில் பெரியம்மா வீட்டிலிருந்து படிப்பதா, பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பாவோடு இருந்து படிப்பதா? இந்த ஒன்றுக்கு மட்டும் அவனால் சரி என்று சொல்ல முடியவில்லை. மகள் வேண்டும் என்று தனக்குள் உறுதியாக இருந்தான். அந்த ஒரு உறுதியைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலடிக்கு வரும் முன், பிள்ளையை அழைக்கக் கிள்ளான் போனபோது மீனலோசனி ஒரு பெரிய பையை நீட்டினாள். பாலர் பள்ளி ஆண்டுவிழாவுக்கான மயில் உடுப்பு. தோகை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு மண்டபத்துல இருக்கணும் முகுந்தன். மயில் டான்ஸ்தான் மொதல்ல. நான் வேணா இங்கயே வெச்சுக்கிறேன், நீங்க நேரா மண்டபத்துக்கு வாங்க."

"இல்லக்கா. நானே கூட்டிட்டு வரேன்."

அவள் தோகையைப் பைக்குள் அமுக்கினாள். "ஸ்கூல் நடக்கற நாள்ல தினம் காலையில இதைத்தான் செய்யணும். நாளைக்கு முடியட்டும். அப்புறம் உக்காந்து பேசுவோம்," என்றாள்.

அதைப் பரீட்சை என்று அவளும் சொல்லவில்லை. அவனும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதுதான்.

"நாளைக்கு எங்க கான்செர்ட் ஆன்ட்டி," என்றாள் ஷாமினி வீரம்மாவிடம், வேலிக்கு வெளியே அப்பாவின் அருகில் நின்றபடி. "நான் மயில்."

"அப்படியா கண்ணு? முருகன் யாரு?"

"கிஷன். அவன் வேலை நேராவே புடிக்க மாட்டான். டீச்சர் திட்டிக்கிட்டே இருக்காங்க."

வீரம்மா சிரித்தாள். பிறகு முகுந்தனிடம், "இன்னிக்குக் கார்த்திகை தம்பி. மரத்துல லைட்டு மாலை போட்டிருக்கோம். அதுக்குக் கொஞ்ச நேரம் உங்க பிளக்கைக் கழட்டுவேன். பூசை முடிஞ்சதும் மாட்டி விட்டுடுறேன்," என்றாள்.

"சரிக்கா."

அவன் மேலே போனான். மகளுக்குத் தோசை வாங்கி வந்து கொடுத்தான். உடுப்பைப் பிரித்து ஹேங்கரில் மாட்டினான். தோகையில் ஒரு இறகு ஒடிந்திருந்தது, செலோடேப் போட்டு ஒட்டினான். சன்னலுக்குக் கீழே மழைமரம் முழுக்க நீலமும் பச்சையுமாக மின்னியது. ஷாமினி நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள். ஒருமுறை கீழே இறங்கிப்போய்ச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்திருக்கலாம். காடியின் செயலிகூடச் சொல்லியிருக்கும். ஆறுதல் செய்திகள் வந்து குவிந்த நாட்களில் கைப்பேசியில் எல்லா அறிவிப்புகளையும் அவன் நிறுத்தி வைத்திருந்தான். திரும்பத் திறக்கவே இல்லை.

காலையில் மகளுக்குச் சாயம் பூசி, கொண்டை போட்டு, தோகையை மடக்கிக் கட்டி, கீழே கூட்டி வந்தபோது பிளக் அதன் இடத்தில்தான் இருந்தது. வீரம்மா சொன்னபடி மாட்டியிருந்தாள். சுவிட்சைத் தட்டத்தான் மறந்திருந்தாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரிந்தது. காடியின் திரையில் ஏழு விழுக்காடு.

கிள்ளானுக்குப் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம்.

ரயில் நிலையம் நடக்கிற தூரம். கிராப் வாடகைக் காரைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் மனதில் வந்தன. ஆனால் மீனலோசனி மண்டப வாசலில் நிற்பாள். இந்தக் காடியில் போய் இறங்க வேண்டும், பிள்ளையைக் கையில் பிடித்து அவள்முன் நிறுத்த வேண்டும் என்று முந்தின இரவே அவன் மனதில் பதித்து வைத்திருந்தான். ஃபெடரல் ஹைவேயில் போகிற வழியில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் விரைவுச் சார்ஜர் உண்டு. இருபது நிமிடம் போட்டால் போதும். நேரம் இருக்கிறது.

"அப்பா, ஏன் ஏசி போடல?"

"கொஞ்சம் பொறு."

கண்ணாடியை இறக்கினான். தோகை படபடத்தது. ஷாமினி இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேரங்காடியில் இரண்டு சார்ஜர். ஒன்றின் முன்னால் பெட்ரோல் வேன் ஒன்று ஆளில்லாமல் நின்றது. மற்றதில் ஒரு புதிய காடி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் கையை உயர்த்தி நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளே மனைவியும் இரண்டு பெரிய பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மார்னிங் பாஸ்," என்றார். "நான் திருச்செல்வம். கிளம்பிடுவேன். பத்து நிமிசம் லா. பினாங்கு போறோம், அதான் ஃபுல்லா போட்டுக்கலாம்னு."

"ஓகே அண்ணே."

"அந்த வேன்காரனைப் பாருங்க. போர்டு இவ்ளோ பெருசா வெச்சிருக்கான், படிக்கத் தெரியல. நீங்க எப்ப எடுத்தீங்க இந்த காடி?"

"போன வருசம்."

"சூப்பர் காடி பாஸ். நான் வாங்கி ரெண்டு வருசம் ஆச்சு, எண்ணெய்க் கடை எந்தப் பக்கம்னே மறந்து போச்சு. வீட்டுல ராத்திரி மாட்டி விட்டா முடிஞ்சது வேலை. இதுமாதிரி எல்லாம் வெளியூரு போகறப்பதான். நீங்க வீட்டுல சார்ஜர் போட்டுட்டீங்களா?"

"ஃப்ளாட்ண்ணே."

"ஓ." திருச்செல்வம் தாடையைச் சொறிந்தார். "ஃப்ளாட்னா கஷ்டம்தான். என் தம்பிகூட வாங்கறேன்னு நின்னான். உனக்கு வேணாம்டானு சொல்லிட்டேன். செராஸ்ல பதினாலாவது மாடி. வயரை என்ன சன்னல் வழியா விடுவியானு கேட்டேன்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு பின் இருக்கையைக் குனிந்து பார்த்தார். "அட, மயிலு. எங்க போறீங்க அம்மா?"

ஷாமினி அப்பாவைப் பார்த்தாள். அறியாத ஆளிடம் பேசக் கூடாது என்று பெரியம்மா சொல்லியிருந்தாள்.

"ஒரு ஃபங்ஷன்," என்றான் முகுந்தன்.

பிள்ளை ஒன்பது மணிக்கு மேடையேற வேண்டும், கொஞ்சம் விட்டுக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஆள் உடனே வயரைப் பிடுங்கியிருப்பார். அப்படிப்பட்ட முகம். முகுந்தனுக்கு அது தெரிந்தே இருந்தது. கேட்கத்தான் நினைத்தான். கேட்டால் ஏன், என்ன என்று பேச்சு வளரும். அம்மா எங்கே என்பார். அவர் முகம் மாறும். அந்த மாற்றத்தை அவன் இந்த ஒரு வருசத்தில் எத்தனை முகங்களில் பார்த்துவிட்டான். வேண்டாம். பத்து நிமிடம்தானே.

பத்து நிமிடம் கழித்து இன்னும் ஒரு அஞ்சு என்றார். அப்போதே கிளம்பியிருக்கலாம். இவ்வளவு நேரம் நின்றாயிற்றே என்று நின்றான். பிறகு திருச்செல்வத்தின் மனைவி எழுந்து கழிப்பறை தேடிப் போனார். அவர் திரும்பி வந்த பிறகுதான் காடி நகர்ந்தது. முகுந்தன் வயரை மாட்டியபோது நேரத்தைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது?

கிள்ளானுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

மண்டப வாசலில் நாற்காலி போட்டு முருகன் உட்கார்ந்திருந்தான். கிரீடம் காதுவரை இறங்கியிருந்தது. வேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கறிபாப் தின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சு போச்சு," என்றான் கிஷன். "மயில் இல்லாம என்னைச் சேர்ல உக்கார வெச்சாங்க. எல்லாரும் சுத்திச் சுத்தி ஆடினாங்க."

"வேலை நேராப் புடிச்சியா?" என்று கேட்டாள் ஷாமினி.

"புடிச்சேன்."

மீனலோசனி உள்ளேயிருந்து வந்தாள். பட்டுப் புடவை, கையில் கைப்பேசி. எத்தனை முறை அழைத்தாளோ. அவனைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து பிள்ளையின் கன்னத்தில் வழிந்த சாயத்தைத் துடைத்தாள்.

ஷாமினி பெரியம்மாவின் தோளைத் தட்டினாள். "பரவால்ல பெரியம்மா. அழாதீங்க. சார்ஜ் இல்லனா அப்பா பாவம் என்ன பண்ணுவாரு?"

மீனலோசனி அழவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மீனலோசனியின் கணவன் சிவகுருநாதன் அப்போதுதான் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்திருந்தான். கொள்கலன் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன். தூங்கப் போகாமல் கைலியோடு போர்ச்சுக்கு வந்து, கேட்காமலேயே தன் ஹைலக்ஸ் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, முகுந்தனின் காடியை உள்ளே விடச் சொன்னான். மூன்று ஊசிப் பிளக்கைச் சுவரில் மாட்டினான். பொத்தானைத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தியா சகல? அவ்ளோதான்," என்றான். "இந்தக் காடிமேல தப்பே இல்ல. இங்க நின்னா இது ராஜா. அங்க நின்னா பிச்சைக்காரன். எங்க டிப்போலயும் ரெண்டு மின்சார லோரி வந்திருக்கு. துறைமுகத்துக்குள்ளயே ஓடுது, அருமையா ஓடுது. ஈப்போவுக்கு அனுப்புவாங்களா? மாட்டாங்க. அதோட வேலை துறைமுகத்துக்குள்ளதான்."

"வித்துடறேன்ண்ணே," என்றான் முகுந்தன். "சாதாரண காடி ஒண்ணு எடுத்துக்கறேன். இனிமே லேட் ஆகாது."

சொன்ன பிறகுதான் அதை எவ்வளவு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தான் என்று தெரிந்தது. ராஜினி கடைசியாகத் தேர்ந்தெடுத்த பொருள். அவள் அதில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அதனாலேயே விட முடியவில்லை.

மீனலோசனி தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உள்ளே ஷாமினி உடுப்பைக் கழற்றிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதாரண காடி இருந்தா இன்னிக்கு நேரத்துக்கு வந்திருப்பீங்க," என்றாள் மீனலோசனி. "அது உண்மைதான். ஆனா புள்ள எங்கிட்ட வேற ஒண்ணும் சொன்னா. சார்ஜ் போடற எடத்துல ஒரு அங்கிள் இருந்தாராம். நல்ல அங்கிளாம். கேட்டிருந்தா குடுத்திருப்பாராம். அப்பா கேக்கலனு சொன்னா."

முகுந்தன் கோப்பையைக் கையில் எடுத்தான்.

"குடுத்திருப்பாரா?"

"குடுத்திருப்பாரு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

தேநீரில் ஆடை படிந்தது. அவன் அதை விரலால் ஒதுக்கினான்.

"ஆறு வயசுப் புள்ள பரவால்லனு சொல்லுது முகுந்தன். அழுது புரண்டு ரகளை பண்ண வேண்டிய புள்ள. உங்களைப் பார்த்துப் பழகிக்கிச்சு. எது போனாலும் பரவால்ல."

"மீனா," என்றான் சிவகுருநாதன்.

"இருங்க, பேசி முடிச்சுடறேன். என் பக்கத்தையும் சொல்லிடறேன்." அவள் முந்தானையைக் கையில் சுற்றினாள். "வெள்ளிக்கிழமை நீங்க லேட்டா வந்தா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வரும். இன்னும் பத்து நிமிசம் அவ என்கூட இருப்பாளேனு. சில நாள் நீங்க வராமயே போயிடணும்னுகூட நெனைச்சிருக்கேன். எங்களுக்குப் புள்ள இல்ல. என் தங்கச்சி புள்ள. இன்னிக்கு மேடையில பேரு கூப்பிட்டு நீங்க வரலைங்கறப்ப, சரி, இனிமே இவ நம்ம வீட்டுலதான்னு ஒரு நொடி தோணிச்சு. அந்த நொடியிலயே எனக்கு என்மேலயே அருவருப்பா போச்சு. அதனால நான் சொல்றதை நீங்க அப்படியே எடுத்துக்கணும்னு இல்ல. ஆனா கேக்கறேன். ஒண்ணாம் வருசம் மட்டும் இங்க படிக்கட்டும். விட்டுக் குடுங்க."

சிவகுருநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் அவனுக்கும் புதிது போலிருந்தது.

முகுந்தனுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. இந்த ஒரு வருசத்தில் அவனிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. எல்லாரும் பஞ்சில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அவன் காடியைப் பார்த்தான். விற்றுவிட்டுப் பெட்ரோல் காடி வாங்கலாம். நேரத்துக்கு வருவான். நேரத்துக்குக் கூட்டிப் போவான். அந்த அடுக்குமாடியில், சன்னலுக்குப் பக்கத்தில், அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

அந்த வீட்டுக்கு ஏன் போனான்? வேலைக்குப் பக்கம் என்று எல்லாரிடமும் சொன்னான். கிள்ளானிலிருந்து ரயிலில்தான் ஏழு வருசம் வேலைக்குப் போய் வந்தான். ஒருநாளும் தூரமாகத் தெரிந்ததில்லை. இந்தத் தாமான் குடியிருப்பில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ராஜினி நடந்து வருவாள். அதற்குத்தான் ஓடினான். பிள்ளையை இங்கே வைத்துவிட்டு ஓடினான்.

"அக்கா," என்றான்.

"சொல்லுங்க."

கோப்பையைக் கீழே வைத்தான். காலையில் சார்ஜர் பக்கத்தில் நின்றபோது வந்து நின்ற அதே தயக்கம். இந்த முறை அதைத் தள்ளினான்.

"இந்தத் தாமான்ல வாடகைக்கு வீடு ஏதாச்சும் இருக்கா? நீங்க கேட்டுச் சொல்ல முடியுமா?"

மீனலோசனிக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு?"

"எனக்கு. எங்களுக்கு. இங்கயே படிக்கட்டும். நான் ரயில்ல போய்ட்டு வரேன். காலையில நீங்க கொண்டுபோய் விடணும், மத்தியானம் நீங்கதான் பார்த்துக்கணும். ராத்திரி அவ எங்கூட இருக்கணும்." ஒரே மூச்சில் சொன்னதால் நின்று மூச்சு வாங்கினான். "இந்தக் காடியை எடுத்துக்குங்க, அவளைப் பள்ளிக்கூடத்துல விட. பூசை வேணும்னா வருசம் திரும்புனதும் போட்டுக்கலாம்."

"உங்களால இங்க இருக்க முடியுமா?" என்றாள் அவள். கடுமையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "கடைத்தெருவுக்குப் போனாக்கூட ஆளுங்க நிறுத்தி ராஜினியைப் பத்திக் கேப்பாங்க. இன்னும் கேக்கறாங்க. எங்கிட்ட கேக்கறாங்க."

"தெரியலக்கா."

"தெரியலனா?"

"முடியலனா உங்ககிட்ட சொல்றேன்."

சிவகுருநாதன் எழுந்தான். "பின் லோரோங்ல அந்தச் சீனர் வீடு காலி இல்ல? கறிக்கடைக்கு எதுக்க? மீனா, நம்பர் உங்கிட்டதானே இருக்கு."

மீனலோசனி உடனே எடுக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஷாமினி சோபாவில் தலைகீழாகப் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படம் பார்த்தாள். பெரியம்மா ஒரு வருசமாகக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட பிள்ளை. அந்த லோரோங் சந்துக்கு இரண்டு நிமிட நடைதான். இருந்தாலும் அது வேறு வீடு. மீனலோசனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். எண்ணைத் தேடினாள். அழைத்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே பேசுங்க," என்றாள்.

மறுமுனையில் ஒரு வயதான குரல். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். மலாயில் பேசினார். வீடு காலிதான் என்றார். போர்ச்சில் ஒரு காடி நிற்கும். பின்கட்டில் ஒரு குழாய் ஒழுகுகிறது, ஆள் வைத்துச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். நாய் வளர்க்கக் கூடாது. அப்புறம், குடும்பம் எத்தனை பேர் என்று கேட்டார்.

முகுந்தன் வாயைத் திறந்தான். நாக்கு பழைய எண்ணுக்குத்தான் போனது. இந்த வருசத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடங்களுக்கு அவன் போகவில்லை.

"ஹலோ? பெராப்பா ஓராங்?"

"டுவா," என்றான். குரல் சரியாக எழவில்லை. மறுபடியும் சொன்னான். "டுவா ஓராங், அங்கிள். நானும் என் மகளும். ரெண்டு பேர்."

மீனலோசனி எழுந்து போர்ச்சின் ஓரத்துக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.